விசில்காரர் கார் மாற்றிக்கொண்டார்

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் உடனே இறங்குவதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சரியாக இரண்டு நிமிடம். பிறகுதான் அணைப்பார், இறங்குவார், கதவைச் சாத்துவார். முன்பு வைத்திருந்த காருக்கு அந்த இரண்டு நிமிடம் தேவைப்பட்டது. அதன் டர்போ கொதித்துப் போய் வந்திருக்கும். ஆறுவதற்குள் அணைத்தால் ஆயுள் குறையும். இப்போதைய கார் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும், யாருடைய தயவும் அதற்கு வேண்டாம். இது அவருக்கும் தெரியும். ஒருநாள் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டேவிட்டேன். "வண்டிக்கு வேண்டாம் சார். எனக்கு வேணும். சும்மா உட்கார்ந்திருக்க நல்லா இருக்கு" என்றார்.

அவர் வீட்டு மாடியில் நான் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மருத்துவமனை, ஒரு நீதிமன்றம், கடைகளும் அலுவலகங்களுமாக அடைத்த பதினோரு கட்டடங்கள் அவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. ஒல்லியான ஆள். யார் பேசினாலும் இடது காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து கேட்பார். காது மந்தம் போலிருக்கிறது என்று புதியவர்கள் சத்தம் போட்டுப் பேசுவார்கள். உண்மையில் அது தேவைக்கு மேல் கேட்கிற காது. முன்பின் தெரியாத கட்டடத்தில் லிஃப்ட் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். நாலாவது மாடி தாண்டும்போது, "இங்க ஒரு ரோலர் தேஞ்சிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர் ஆறாவது மாடிக்குப் போக வேண்டியவராக இருந்தாலும் ஐந்திலேயே இறங்கிவிடுவார்.

வேலையில் அவர் சட்டம் பேசுகிற மனிதர். ஒரு திருகாணி குறைந்தாலும் லிஃப்டைப் பூட்டி, பலகையை மாட்டிவிட்டு, படியில் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போவார். "கயிறு அறுந்தா இன்னொரு கயிறு இருக்கணும். அதுவும் அறுந்தா பிரேக் பிடிக்கணும். பிரேக்கும் போச்சுன்னா அடியில ஸ்பிரிங் தாங்கணும். மனுஷன் ஏறுற பெட்டி சார் இது. எதையும் ஒத்தையா நம்பக் கூடாது." இப்படிப் பேசுகிறவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எண்ணெய்க் கறை படிந்த பழைய கால்சட்டைக்கு மாறி, பக்கவாட்டுத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் வேறு ஆள். அங்கேதான் அந்த வெள்ளைக் கார் இருந்தது.

பிறவியில் அது நாலு கதவு வைத்த சாதுவான குடும்பக் கார். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு இவரிடம் விற்றார். வாங்கிய முதல் மாதமே இன்ஜினை இறக்கிவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு கனமான காரின் இன்ஜினை ஏற்றினார். பிறகு, நசுங்கிப்போன ஒரு சரக்கு வேனிலிருந்து டர்போ வந்தது. புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் காற்றாடி அது. அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று போனட்டில் ஓட்டை விழுந்தது. பின் இருக்கை கழன்று போய், அந்த இடத்தில் குழாய்களை வளைத்து ஒரு கூண்டு நின்றது. முன்னால் இரண்டே இருக்கை, தோளுக்கு இரண்டு இடுப்புக்கு இரண்டு என்று நாலு வார் வைத்த பெல்ட். வண்டியைக் கிளப்பச் சாவி கிடையாது. கழற்றிப் போட்ட ஒரு லிஃப்டின் பலகையிலிருந்து எடுத்த, மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பொத்தான்தான். பக்கத்திலேயே அதே பலகையின் சிவப்புக் குமிழ். அதைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். சட்டம் பேசுகிறவர் என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாகன அலுவலகத்தில் சான்று வாங்கி ஃபைல் போட்டு வைத்திருந்தார். அந்த ஃபைலின் தடிமன் என் மகளின் ஜாதகம் முதல் மருத்துவச் சீட்டு வரை எல்லாவற்றையும் அடுக்கினாலும் வராது.

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது அந்த டர்போ நீளமாக ஒரு விசில் அடிக்கும். தெரு அவருக்கு விசில்காரர் என்று பெயர் வைத்தது அதனால்தான். காலை ஏழு நாற்பதுக்கு விசில் கேட்டதும் எதிர்வீட்டு டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவார். வருடத்துக்கு இரண்டு முறை, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் கார்ப் பைத்தியங்கள் கூடி வேகம் பார்ப்பார்கள். அங்கே இவர் எடுத்த நேரங்கள் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருக்கும். "விலையைக் கேட்டாலே தலை சுத்துற வண்டியெல்லாம் அன்னிக்கு என் பின்பக்க லைட்டைத்தான் பாத்துச்சு" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

ஆனால் அந்தக் காரை ஓட்டுகிறபோது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டொரு முறை நான் கூடப் போயிருக்கிறேன். பேச மாட்டார். பேச்சுக் கொடுத்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். இடது காது முன்னால் வந்திருக்கும். எங்கேயோ ஒரு உலோகச் சத்தம், எங்கேயோ ஒரு அதிர்வு, எல்லாவற்றையும் தரம் பிரித்துக்கொண்டே ஓட்டுவார். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "கம்பெனி வண்டி மக்கர் பண்ணா கம்பெனியைத் திட்டலாம். இது மக்கர் பண்ணா நான் யாரைத் திட்டுறது?" என்று ஒருமுறை கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியான நேரம், அவரும் மனைவியும் அந்தக் காரில் மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க மற்றவர்களிடம், "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியோ என்னவோ, வீட்டில் சொற்களைச் செலவு செய்ய மாட்டார். மேட்டுச் சாலையில் பாதி ஏறியபோது, இவர் கையால் செய்து மாட்டிய எண்ணெய்க் குழாய் ஒன்று கழன்றது. சிவக்கக் காய்ந்திருந்த இரும்பில் எண்ணெய் கொட்டியது. கண் இமைப்பதற்குள் காருக்குள்ளே வெள்ளைப் புகை. இவர் சிவப்புக் குமிழைத் தட்டி வண்டியை ஓரங்கட்டினார், தன் பெல்டைக் கழற்றி வெளியே குதித்து, அந்தப் பக்கம் ஓடிக் கதவைத் திறந்தார். மனைவியின் கைப்பை வார் அந்த நாலு வார் பெல்டின் கொக்கிக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. கொக்கி திறக்கவில்லை. புகைக்குள் மனைவியின் முகம் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. கருவிப் பெட்டியைத் திறந்து, கத்தியை எடுத்து, நாலு வாரையும் அறுத்து வெளியே இழுத்துப் போட்டார்.

தீப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புகை தானாக அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மனைவி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கேருந்து பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. காரிலும் ஏறவில்லை.

"கதவைத் திறந்ததுலேருந்து வெளியே இழுக்குற வரைக்கும் நாப்பது செகண்டு இருக்கும் சார். அந்த நாப்பது செகண்டைத்தான் நான் இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா தீர்ந்துபோயிருக்கும். அவ திட்டலை."

அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்குக் கணவனும் மனைவியும் போகிற விதம் தெருவுக்கே வேடிக்கையானது. அவர் மனைவி பஸ்ஸில் போவார். இவர் பின்னாலேயே காரில் போவார். முந்திப் போனால் அங்கே தனியாகப் போய் நிற்க வேண்டும், பிந்திப் போனால் கேள்வி வரும் என்று பஸ்ஸின் வேகத்திலேயே ஊர்ந்துகொண்டு போவார். ஒருமுறை அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். கடைசி இருக்கையில் அவர் மனைவி. பின்கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளைக் கார், விசிலடிக்கக்கூட வேகம் கிடைக்காமல் முனகிக்கொண்டு வந்தது. எங்கே திரும்ப வேண்டும் என்று அவர் மனைவி பஸ்ஸுக்குள்ளிருந்து கையைக் காட்டினார். நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வர்றாரா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் மனைவியும் சிரித்தார். காருக்குள் இருந்தவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

அவரிடம் இன்னொரு கனமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காரின் இடது பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை அடிச்சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஒரு வெல்டிங். ஓடுபாதைப் பந்தயத்துக்கு முந்தின நாள் அவசரத்தில் செய்தது. மல்லாந்து படுத்து, கை எட்டாமல், கண்ணுக்குத் தெரியாமல், தடவித் தடவிப் பற்றவைத்தது. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் அடித்தால் எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் பிரித்துச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தார். மூன்று வருடம் ஆயிற்று. பிரிப்பது பெரிய வேலை என்பது ஒரு காரணம். பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிவரும் என்பது உண்மையான காரணம். வேறொருவர் லிஃப்டில் அப்படி ஒரு வெல்டிங்கைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பார்.

இந்த நிலையில்தான் ஒரு காலை வேளை, வாடிக்கைக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரே ஆள். ஆறாவது மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். முப்பத்தைந்து வயதுப் பெண். லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இவருடைய தொழில் வழக்கம். பேசுகிறவர்கள் பயப்படுவதில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, டாக்டர் என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது. இவர் கையிலிருந்த ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. இரண்டு கதவு, தரையோடு தாழ்ந்த உடம்பு, புதிதாக வந்தபோது விலையைச் சொல்ல ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட கார் அது.

"அந்த வண்டியை வச்சுக்கிட்டு இந்த லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்களே" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றது உள்ளேயிருந்து குரல். "உள்ள ஏறி உட்கார்ந்தா போதும், அதுவே கொண்டுபோய் விட்டுடுது. நான் தப்பாத் திருப்பினாலும் திருத்திக்குது. ஓட்டுறது நானா அதுவான்னே தெரியலை. நாள் பூரா இன்னொருத்தர் வாய்க்குள்ள விரலை வச்சுக்கிட்டு நூல் பிடிச்ச மாதிரி வேலை. வெளியே வந்தா கொஞ்சம் ஆட்டம் வேண்டாமா?"

முக்கால் மணி நேரத்தில் லிஃப்ட் சரியானது. டாக்டர் ஆறாவது மாடிக்குப் போகாமல் கீழே இறங்கி, இவர் காரைப் பார்க்க வந்தார். நோயாளிகள் மேலே காத்திருந்தார்கள். அம்புக்குறிப் பொத்தானை அவரையே அமுக்கச் சொன்னார் இவர். இன்ஜின் எழுந்தது. காரோடு சேர்ந்து டாக்டரின் மூக்குக்கண்ணாடியும் அதிர்ந்தது. "எனக்குப் பல்லெல்லாம் ஆடுது" என்றார் டாக்டர், பரம சந்தோஷமாக.

மூன்று வாரம் கழித்து அவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். டாக்டரின் கருநீலக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்ற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. தன் காரை இவர் எடுத்துக்கொண்டு, இவருடைய காரைத் தனக்குத் தரச் சொன்னார். ஒன்பது வயதான சொகுசுக் காரை இனி வாங்குவாரில்லை, ஓடுபாதையில் பெயரெடுத்த காரைக் கேட்பவர்கள் நிறைய, ஆகவே சரிக்குச் சரி, மேலே கீழே பேச்சு வேண்டாம் என்றார். இவர் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொன்னார். அன்று இரவு மனைவியிடம் கேட்டபோது, "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று பதில் வந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வந்தபோது நானும் கீழே இருந்தேன். இவர் காரின் தாள்களை எடுத்துக் கொடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு டாக்டரை உட்காரச் சொல்லிவிட்டு, காரின் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து காட்டுகிற நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "இதுல எதை அடைச்சாப் போதும், எதைப் பிடுங்கணும்?"

இவர் காரின் பின்பக்கம் போய் நின்றார்.

"பிடுங்கணும்னா ஒண்ணே ஒண்ணு. பின்னாடி இடது பக்கம் ஒரு வெல்டிங். மூணு வருஷமா எனக்கு அது மேல நம்பிக்கை இல்லை. யார்கிட்டேயும் சொன்னதில்லை. கேட்டுட்டு நீங்க வேண்டாம்னு போனாலும் சரி."

டாக்டர் எழுந்து போகவில்லை. "அதைச் சரி பண்ணுங்க, மாத்திக்கலாம். ஆனா நீங்க பண்ணாதீங்க. என் பல்லை நானே பிடுங்கிக்க மாட்டேன்" என்றார். அது இவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் முகத்தில் வேறொன்றும் தெரிந்தது. பரீட்சையில் தெரியாத கேள்வியை அடித்துவிடலாம் என்று வாத்தியாரே சொன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

கொதிகலன்களுக்குப் பற்றவைக்கும் ஒரு வெல்டரிடம் கார் போனது. குறைவாகப் பேசும், பெரிய உடம்புக்காரர். காரை உயர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டினார். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்று சத்தம் வர வேண்டிய இடத்தில் சொத்தென்று வந்தது. இரண்டாவது தட்டில் பிளவு ஓடியது. மூன்றாவது தட்டுக்குத் தேவை இருக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. வெல்டர் அதை எடுத்து, "விரல் நுனி அளவுதான் ஒட்டியிருந்திருக்கு" என்று இவர் கையில் வைத்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டறையின் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியின் கீழ்ப்படியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கி வந்தவன் வழி இல்லாமல் நின்றேன்; இருங்கள், நீங்களும் கேட்கலாம் என்பது போல இவர் கையைக் காட்டினார். இரும்புத் துண்டை மனைவியின் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பந்தயத்துக்கு முந்தின நாள், பெயின்ட், மூன்று வருடம், அக்கா வீட்டுக்குப் போன மத்தியானம். அந்த நாற்பது செகண்டும் வந்தது. மனைவி துண்டைத் தூக்கி, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"தெரியும்" என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னன்னு தெரியாது. ஆனா ஏதோ இருக்குன்னு தெரியும். பள்ளத்துல இறங்கினா உங்க கண்ணு என் பக்கத்துக் கண்ணாடிக்குப் போகும், பின்னாடி சக்கரத்தைப் பாக்கும். ஒவ்வொரு தடவையும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நான்தானே?"

"கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்." துண்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக் குரலில், "சரி, இப்ப விடுங்க" என்றார்.

இவர் விட்டார். அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் வந்தது, அழுகை மாதிரியும் இருந்தது. நான் மெதுவாக மாடிக்கே ஏறிவிட்டேன். கடைக்குப் போவது அவசரமில்லை.

இதற்குப் பிறகும் ஒரு வாரம் ஆபத்தான வாரம். வெல்டர் பற்றவைத்துக் கொடுத்ததும் அந்தக் கார் பதினோரு வருடத்தில் ஓடாத ஓட்டம் ஓடியது. வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. இவருக்கு மனம் தடுமாறியது. கோளாறு போய்விட்டதே, இனி எதற்குக் கொடுக்க வேண்டும்? மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வந்து, கொடுத்துவிடப் போகிறேன் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அந்த வெல்டிங் சரியானதும் நிம்மதியா ஒரு ரவுண்டு போனேன் சார். திரும்பி வர்றதுக்குள்ள அடுத்து மூணு வேலை காதுல விழுந்துடுச்சு. முந்தி இது பெரிய சத்தமா இருந்ததால அந்த மூணும் கேட்கலை. அதைச் சரி பண்ணா இன்னும் மூணு கேட்கும். எனக்குப் போதும்."

நாலு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் டாக்டருக்கு அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளச் கல் மாதிரி இருக்கும். முதல் நாள் பதினேழு முறை வண்டி அணைந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் சிரித்தார். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே நாலு வார் பெல்டின் கொக்கியைப் புதிதாக மாற்றி, கைப்பையை மாட்டத் தள்ளி ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்திருந்தார். நாலாவது வாரம் டாக்டர் மைதானத்தைச் சுற்றி முதல் விசிலை அடித்தபோது, இவர் இறங்கி நின்று கேட்டார். வெளியே நின்று அந்த விசிலைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாம். "இவ்வளவு சத்தமா சார் இருந்துச்சு? தெருவுல எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டார். அந்த மாதமே இவருடைய ஃபைலும் டாக்டரின் கார்ச் சாவியும் கைமாறின.

கருநீலக் கார் வந்த மறுநாள் அதன் போனட்டைத் திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இன்ஜின் இல்லை. அதாவது தெரியவில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை கறுப்பு மூடி ஒன்று போட்டு மூடியிருந்தார்கள். எண்ணெய் ஊற்ற ஒரு ஓட்டை, கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்ற ஒரு ஓட்டை. "கையை வைக்காதேன்னு மரியாதையாச் சொல்லியிருக்கான்" என்று சொல்லி இரண்டு விரலால் போனட்டை அழுத்தினார். மிச்ச தூரத்தை அதுவே இறங்கிச் சாத்திக்கொண்டது.

முதல் பயணம் மனைவியின் அக்கா வீட்டுக்குத்தான். மனைவி கதவைத் திறந்து, ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே, உள்ளே விழுந்துதான் ஏற வேண்டும் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பெல்ட் ஒன்றே ஒன்று. இழுத்து மாட்டினார், க்ளிக் என்றது. கழற்றினார். மறுபடி மாட்டினார். மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தார். இவர் காத்திருந்தார். மேட்டுச் சாலையில் ஏறும்போது மனைவி பேச ஆரம்பித்தாராம். மருத்துவமனையில் புதிதாக வந்த இயந்திரம், அக்கா மகன் படிக்கப் போகிற படிப்பு, எதிர்வீட்டு டீச்சருக்கு முழங்கால் வலி என்று போகும்வரை பேச்சு. இவருக்கு ஆச்சரியம். "இருபது வருஷமா இவ வண்டியில பேச மாட்டாள்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் எங்க பேச விட்டேன்?" என்றார் என்னிடம்.

தெருவுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். எதிர்வீட்டு டீச்சர் அந்த வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனார். பிறகு கடிகாரம் வாங்கினார். கொட்டகையில் இப்போது டீச்சரின் ஸ்கூட்டருக்கும் இடமிருக்கிறது. விசில் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அந்தப் பல் கிளினிக் கட்டடத்தின் லிஃப்டை இவர் சரி பார்க்கும் நாட்களில், உச்சிமாடி மோட்டார் அறையில் நின்றபடி கீழே தெருவில் அது வருவதைக் கேட்பார். "மூணாவது கியரைக் கொஞ்சம் சீக்கிரம் போடுறாங்க. பரவாயில்லை, அவங்க வண்டி" என்று சொல்லிவிட்டு மோட்டாருக்கு எண்ணெய் விடுவார்.

கார் வந்த ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, மூன்று பேருமாகக் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நான் முன்னால் எட்டி அதைப் பார்த்தேன். அவர் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டார். கொட்டகை திறக்கும், ஸ்கூட்டர் வெளியே வரும், பழைய கால்சட்டை இறங்கும் என்று நினைத்தோம். அவர் அந்த விளக்கை, அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைப் பார்ப்பது போல, அக்கறையோடு ஆனால் பதற்றமில்லாமல் பார்த்தார். "இது அவங்க விளக்கு. அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

அந்தக் காருக்கென்றே உள்ள பட்டறை. கண்ணாடிச் சுவர் வைத்த காத்திருப்பு அறை, நீளமான சோபா, கேட்காமலே வந்த காபி. பத்து நிமிடத்தில் சீருடை போட்ட ஒருவர் வந்தார். வண்டியை உயர்த்தியிருப்பதாகவும், சின்னக் கோளாறு போலத்தான் தெரிகிறது என்றும் சொல்லிவிட்டு, "கீழ வந்து நீங்களே பாக்கணும்னா பாக்கலாம் சார்" என்றார். நானும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம். அவர் கண்ணாடி வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். கார் தலைக்கு மேல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அடியில் யாரோ ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாருங்க. நான் இங்கேதான் இருக்கேன்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்து சோபாவின் மேல் போட்டுக்கொண்டு, இன்னொரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக் காபியில் கொட்டி, நிதானமாகக் கலக்க ஆரம்பித்தார்.